பிறவாதவரின் பதிவேடு: புதுச்சேரியில் கருவும் சட்டமும்

பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரி நகரில் விட்டுச்சென்ற எழுத்துச் சான்றுகளில் மிகவும் அடர்த்தியானது, ஊரார் இன்றும் ‘எத்தா சிவில்’ என்று அழைக்கும் குடியியல் பதிவேடு ஆகும். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் அரசு அலுவலர் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிடும் இம்முறை 1880ஆம் ஆண்டின் ஆணையால் தமிழ்க் குடிகளுக்கும் உரியதாயிற்று. குழந்தை பிறந்த மூன்று நாளுக்குள் அலுவலரிடம் அறிவிக்க வேண்டும் என்றும், பிறந்த நாள், மணி, இடம், குழந்தை ஆணா பெண்ணா என்பது, அதன் பெயர், பெற்றோர் பெயர் ஆகியவை எழுதப்பட வேண்டும் என்றும் பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தொகுப்பு வகுத்திருந்தது. பதிவுக்கு முன்பே இறந்துவிட்ட குழந்தையைக் குறித்து அந்நாட்டின் 1806ஆம் ஆண்டு ஆணை கூறுவது கவனத்துக்குரியது: அக்குழந்தை இறந்தது என்று அலுவலர் எழுதக் கூடாது, உயிரின்றித் தம் முன் கொண்டுவரப்பட்டது என்று மட்டுமே எழுத வேண்டும், அது உயிரோடு பிறந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அந்தப் பதிவு விடையாகாது. அதே சட்டத்தொகுப்பின் 725ஆம் பிரிவின்படி, தந்தை இறக்கும் வேளையில் கருவாக இருந்த பிள்ளையும் அவர் சொத்துக்கு வாரிசாகலாம். ஆனால் அப்பிள்ளை பிறகு உயிர்தரிக்கும் வலிமையோடு பிறந்தாக வேண்டும். கருவைக் குறித்துக் குடியியல் சட்டம் அறிந்தது ஏறத்தாழ இவ்வளவுதான். அது வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருப்பது எது, எத்தகையது என்று கேட்க அதனிடம் கருவி இல்லை.

குற்றவியல் சட்டம் மட்டும் உள்ளே நுழைந்தது, அதுவும் தண்டிப்பதற்காக. 1819ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் ஆணை, பிரான்சின் சட்டத்தொகுப்புகளைக் குற்றவியல் விசாரணை முறைத் தொகுப்பு நீங்கலாக இங்கே நடைமுறைப்படுத்தியது. அவ்வாறு வந்த 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 317ஆம் பிரிவு, கருவைக் கலைப்பவரையும் கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் சிறைக்கு அனுப்பியது. மருத்துவரோ மருந்து விற்பவரோ அதற்கு வழிகாட்டினால் அவருக்கு இன்னும் கடுமையான தண்டனை. எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் ஆண்ட தென்னாற்காட்டில், 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வேறு கணக்கைப் பின்பற்றியது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்யும் கலைப்பை அதன் 312ஆம் பிரிவு குற்றமாக்கவில்லை. மற்றவற்றுக்கு மூன்றாண்டு வரை சிறை. வயிற்றில் குழந்தை அசைவது தெரிந்த பிறகு செய்தால் ஏழாண்டு வரை. அசைவு என்பது தாயே முதலில் உணர்ந்து சொல்லும் செய்தி என்பதால், அவளுடைய உடலறிவே அங்குத் தண்டனையின் அளவுகோலாக இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது; 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது; இந்தியத் தண்டனைச் சட்டம் 1963இல் இங்கு நடைமுறைக்கு வந்தது. நகரத்துப் பெண்கள் ஒரு தடையிலிருந்து இன்னொரு தடைக்கு மாறினர்.

இந்தத் தடைகளுக்கு நடுவே, பிள்ளைப்பேறு விதியல்ல, பெண் எண்ணிப் பார்த்து ஏற்கவேண்டியது என்ற குரல் தமிழில் எழுந்தது என்பதையும் இங்கே பதிந்தாக வேண்டும். 1930களில் பெரியார் கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையின் கருவியாக முன்வைத்து எழுதியும் பேசியும் வந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதிதாசன் அக்கருத்தைக் கவிதையாக்கினார். கருத்தடைக்கு ஆதரவான பரப்புரையையே 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரான்சு குற்றமாக்கியிருந்த காலம் அது. அந்தக் குடியரசிடம் சம்பளம் பெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படி எழுதினார் என்பது நகரத்தின் அறிவு வரலாற்றில் பெருமைக்குரிய செய்தி. ஆயினும் அந்த விவாதம் எத்தனை பிள்ளைகள், எப்போது என்பதைப் பற்றியது. எத்தகைய பிள்ளை என்ற கேள்வி அப்போது எழவில்லை. எழுப்புவதற்கு வழியும் இல்லை.

அந்தக் கேள்விக்கு இம்மண்ணில் முன்பே வேர் இருந்தது; அது திருமண வழக்கத்தில் இருந்தது. அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதும், மாமன் மகளையும் அத்தை மகனையும் முறையாகக் கொள்வதும் தமிழகம் முழுவதற்கும் பொதுவான வழக்கம். பெண் பழகிய வீட்டுக்கே போகிறாள், நிலம் உறவுக்குள் நிற்கிறது, முதுமையில் கவனிப்பார் இருக்கிறார் என்று பல நியாயங்கள் அதற்கு உண்டு. ஆனால் பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் 163ஆம் பிரிவு தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் இடையிலான திருமணத்தைத் தடைசெய்கிறது. தகுந்த காரணம் இருந்தால் நாட்டின் தலைவர் விலக்களிக்கலாம் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. 1819ஆம் ஆண்டு ஆணை இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படியே நடத்துவதாக உறுதியளித்ததால் இந்தத் தடை பெரும்பான்மையோரைத் தொடவில்லை. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி தம் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களை மட்டும் அது கட்டியது. ‘ரெனோன்சான்’, அதாவது துறந்தவர், என்று பெயர்பெற்ற அக்குடும்பங்களுக்கு இந்து திருமணச் சட்டம் இன்றளவும் பொருந்தாது. ஒரே தெருவில், ஒரு வீட்டில் மங்கலமான உறவு, அடுத்த வீட்டில் சட்டம் ஏற்காத உறவாக இருந்தது.

உறவுத் திருமணம் குழந்தைக்கு என்ன கொண்டுவரலாம் என்பதை மரபியல் எண்களாகச் சொல்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மரபணுவிலும் தாய்வழி ஒரு படியும் தந்தைவழி ஒரு படியும் பெறுகின்றனர். சில நோய்கள் இரண்டு படிகளும் பழுதுற்றிருந்தால் மட்டுமே வெளிப்படும். தாய்மாமனை மணந்தவளின் குழந்தைக்கு, எந்த ஒரு மரபணுவிலும் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று; அத்தை மகனையோ மாமன் மகனையோ மணந்தவளின் குழந்தைக்குப் பதினாறில் ஒன்று. உறவில் மணந்தோரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனெனில் குழந்தைக்கு ஒரு குறை என்றவுடன் ‘சொந்தத்தில் கட்டியதால்தான்’ என்று தாயின் தலையில் பழி போடும் பேச்சு அறிவியலின் பெயரால் இன்றும் நடக்கிறது.

இந்த வழக்கத்தை மருத்துவக் கண்கொண்டு பார்க்கும் நிறுவனம் நகரத்தின் வடமேற்கே, கோரிமேட்டில் உருவானது. 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலாக 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. 1964இல் அது சவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறி, மக்கள் வாயில் ஜிப்மர் ஆயிற்று. 1978இல் ஐ.சி.வர்மா பதிப்பித்து, புதுச்சேரிப் பதிப்பகம் ஒன்றின் வழியே வெளிவந்த இந்திய மருத்துவ மரபியல் தொகுதியில், புதுச்சேரிச் சமூகத்தில் உறவுத் திருமணத்தின் விளைவுகளைக் கணக்கிட்ட கட்டுரை இடம்பெற்றது. ஜிப்மரில் அடுத்தடுத்துப் பிறந்த 12,797 குழந்தைகளைப் பரிசோதித்து 1998இல் வெளியான ஆய்வு, அவர்களில் ஏறத்தாழ 3.7 விழுக்காட்டினருக்குப் பிறவிக் குறைபாடு இருந்ததாகக் கண்டது. இவற்றுள் வளைபாதம் போல அறுவை மருத்துவத்தால் சரியாகக்கூடியவை முதல் மண்டையோடு உருவாகாதவை வரை எல்லாம் அடங்கும். இந்த அகலத்தை மனத்தில் கொள்ள வேண்டும். ‘குறைபாடு’ என்ற ஒரே சொல்லின் கீழ், ஓராண்டில் நடக்கத் தொடங்கும் குழந்தையும், ஒரு மணி நேரம் உயிர்தரிக்க முடியாத குழந்தையும் சேர்ந்தே எண்ணப்படுகின்றனர்.

பிறந்த குழந்தையை எண்ணும் நிலையிலிருந்து பிறவாததைப் பார்க்கும் நிலைக்கு மருத்துவம் நகர்ந்தது வெளிநாடுகளில். 1956இல் டென்மார்க் நாட்டு மருத்துவர்களான ஃபுக்ஸும் ரீஸும், கருவைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீரில் உதிர்ந்து மிதக்கும் உயிரணுக்களைக் கொண்டு கரு ஆணா பெண்ணா என்று கண்டறிய முடியும் எனக் காட்டினர். அவர்களுடைய நோக்கம் ஹீமோஃபீலியா என்னும் குருதி உறையா நோய். தாய் வழியே வந்து ஆண் பிள்ளைகளைத் தாக்கும் நோய் அது. பாலினம் அறிந்து முதன்முதலில் கலைக்க எண்ணிய கருக்கள் ஆண் கருக்கள்தாம் என்பதை இந்திய வாசகர் நின்று நினைக்க வேண்டியிருக்கிறது. 1959இல் பாரிஸில் மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பென், ஷெரோம் லெஷன் ஆகியோர் டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடம் 46க்குப் பதில் 47 குரோமோசோம்கள் இருப்பதை வெளியிட்டனர். தம் கண்டுபிடிப்பு அக்குழந்தைகளைக் குணப்படுத்த உதவும் என்று நம்பிய லெஷன், அதுவே அவர்களைப் பிறவாமல் தடுக்கும் சோதனையானதை 1994இல் இறக்கும்வரை எதிர்த்தார்.

இந்தியாவில் 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரான்சில் கருக்கலைப்பை அனுமதிக்க அமைச்சர் சிமோன் வெய்ல் கொண்டுவந்த சட்டம் 1975 சனவரியில்தான் பிறந்தது. ஆகவே புதுச்சேரிப் பெண் இந்த வாய்ப்பைப் பாரிஸ் பெண்ணைவிட ஏறத்தாழ மூன்றாண்டுகள் முன்னதாகப் பெற்றாள். ஆனால் இந்தியச் சட்டம் இதைப் பெண்ணின் உரிமை என்று சொல்லவில்லை. தண்டனைச் சட்டத்திலிருந்து மருத்துவருக்குத் தரும் விலக்காகவே எழுதியது. அதில் ஒரு காரணம்: பிறக்கும் குழந்தை கடுமையான ஊனமுறும் அளவுக்கு உடல் அல்லது மனக் குறைபாடுகளால் துன்புறும் இடர் கணிசமாக இருத்தல். கடுமை என்பது எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. பிளவுண்ட உதடா, கேளாமையா, டவுன் நோய்க்குறியா, இதயத்தில் ஓட்டையா? ஐம்பதாண்டுகளாக இந்தச் சொல்லின் பொருளை நீதிமன்றம் எழுதியதைவிட ஸ்கேன் அறையே அதிகம் எழுதியிருக்கிறது. அங்கே பேசப்படும் சில நிமிடங்களில், மருத்துவரின் குரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே பல குடும்பங்களுக்குச் சட்டமாகிறது.

பனிக்குட நீர்ச் சோதனை இந்தியாவுக்கு வந்ததும் குறைபாட்டைக் கண்டறியவே. 1970களின் நடுவில் புதுதில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் தொடங்கிய அது, பெண் கருவைக் கலைக்கும் வழியாகத் திரும்பியதும் அரசு மருத்துவமனைகளில் பாலினம் அறியப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. தனியார் அதை எடுத்துக்கொண்டனர். இதைத் தடுக்க 1988இல் மகாராட்டிரம் முதலில் சட்டம் இயற்றியது. 1994இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1996 முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் கருத்தரிப்புக்கு முந்தைய தெரிவையும் சேர்த்து விரிந்தது. அதே 1994இல் பிரான்சும் தன் உயிரியல் அறநெறிச் சட்டங்களை இயற்றிக் கருவறைச் சோதனைகளை ஒழுங்குபடுத்தியது. அங்கே கவலை, ஆகாத கருவென்று எதையெதைச் சொல்வது என்பது. இங்கே கவலை, பெண்ணே ஆகாத கருவானது.

புதுச்சேரி இந்தப் பெருந்துயரின் ஓரத்தில் நின்றது. ஆறு வயது வரையிலான பிள்ளைகளில் ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற கணக்கில், 2001இலும் 2011இலும் ஒன்றியப் பகுதியின் எண் 967. நாட்டின் எண் 2001இல் 927ஆக இருந்து 2011இல் 920க்கும் கீழே இறங்கியது. ஆயினும் இந்தப் பெருமையை எல்லைக்கோட்டுக்குள் அடைத்து வைக்க முடியாது. சாலையில் போகும் பேருந்து தமிழ்நாட்டுக்குள்ளும் புதுவைக்குள்ளும் மாறி மாறி ஓடும் அளவுக்குப் பின்னிக் கிடக்கும் நிலம் இது. ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் கடலூர் மாவட்டத்தில் அதே எண் 2011இல் 900க்குக் கீழே சரிந்திருந்தது. பெண் சிசுவை அரசிடம் ஒப்படைக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2011இல் கடலூர், விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்க நேர்ந்தது. பெண் கொண்டவர்களும் கொடுத்தவர்களும் இருபுறமும் இருக்கும் இந்த நிலத்தில், ஒரு பக்கத்தின் நல்ல எண்ணை அந்தப் பக்கத்தின் அறம் என்று வாசிப்பது அவசரமாகும்.

பாலினத் தெரிவைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுச் சுமையும் ‘எஃப் படிவம்’ என்னும் தாளில் நிற்கிறது. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதை நிரப்ப வேண்டும். அவளுக்கு உயிரோடிருக்கும் ஆண் பிள்ளைகள் எத்தனை, பெண் பிள்ளைகள் எத்தனை, அவர்கள் வயதென்ன என்று அது கேட்கிறது. கருவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று பெண் கையொப்பமிட வேண்டும். தாம் அதைக் கண்டறியவும் இல்லை, எவ்வகையிலும் எவருக்கும் தெரிவிக்கவும் இல்லை என்று மருத்துவர் கையொப்பமிட வேண்டும். பெண்ணின் உறுதிமொழியில் ஒரு கொடுமை இருக்கிறது. வீட்டில் அறிய விரும்புவோர் மாமியாராகவோ கணவனாகவோ இருக்கலாம். விரும்பவில்லை என்று எழுதித்தர வேண்டியவள் அவள். அவர்களிடம் அந்தத் தாளில் கையொப்பம் கேட்கப்படுவதில்லை.

அதே சட்டத்தின் நான்காம் பிரிவு, எந்த நோய்களுக்காகச் சோதிக்கலாம் என்று பட்டியலிடுகிறது: குரோமோசோம் பிழைகள், மரபுவழி வளர்சிதைமாற்ற நோய்கள், தாலசீமியா போன்ற ஹீமோகுளோபின் நோய்கள், பாலினம் சார்ந்த மரபு நோய்கள், பிறவிக் குறைபாடுகள். தாய் 35 வயதைக் கடந்தவராக இருத்தல், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவு, குடும்பத்தில் முன்பே நோய் போன்ற நிபந்தனைகளும் உண்டு. காலமோ குறுகியது. பனிக்குட நீரைப் பதினைந்தாம் வாரத்துக்குப் பிறகே ஊசியால் எடுக்க முடியும். அதிலுள்ள உயிரணுக்களை வளர்த்துக் குரோமோசோம்களை எண்ண இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் ஸ்கேன் பதினெட்டு முதல் இருபது வாரத்தில். 1971ஆம் ஆண்டுச் சட்டமோ இருபதாம் வாரத்தில் கதவை அடைத்தது. ஸ்கேனில் ஐயம் எழுந்து, சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்போது நாள் கடந்திருக்கும். 2008இல் பம்பாய் உயர் நீதிமன்றம், இதயக் கோளாறு கண்ட, இருபது வாரம் கடந்துவிட்ட கருவைக் கலைக்க அனுமதி மறுத்த பிறகு இந்த முரண் நாடறிந்தது. 2021ஆம் ஆண்டின் திருத்தம் சில வகைப் பெண்களுக்கு வரம்பை 24 வாரமாக்கியது. கருவில் கணிசமான குறைபாடு என்று மருத்துவ வாரியம் சொன்னால் வார வரம்பே இல்லை. வாரியம் மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். ஆனால் கணிசம் என்ற சொல்லும் வரையறையின்றியே வந்தது.

இதன் எதிர்ப்பக்கத்தில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிற்கிறது. அது ஏழு வகை ஊனங்களை இருபத்தொன்றாக்கி, தாலசீமியா, ஹீமோஃபீலியா, அரிவாள் அணு நோய் ஆகியவற்றையும் சேர்த்தது. பிறப்பதற்கு முன் தேடிக் கண்டறிய ஒரு சட்டம் அனுமதிக்கும் அதே நோய்களைப் பிறந்த பிறகு உரிமையோடு வாழவேண்டியவர்களின் அடையாளமாக இன்னொரு சட்டம் ஏற்கிறது. இரண்டில் எதுவும் பொய்யல்ல. தாலசீமியா உள்ள பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றும் தாய், இரண்டாவது கருவைச் சோதிக்க விரும்புவது முதல் பிள்ளையின் மீது வெறுப்பால் அல்ல. பணமும் உடலும் தாங்கா என்ற கணக்கால். அவளைப் பெண் கருவைக் கலைத்தவளோடு சேர்த்து எண்ணுவது அநீதி. ஆனால் அவளுடைய கணக்கில் பெரும்பகுதியை எழுதுவது நோயல்ல, உதவி கிடைக்காத ஊர். சிறப்புப் பள்ளியும் இரத்த வங்கியும் உதவித்தொகையும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் அவள் முடிவு அதேதானா என்பதை எந்த எஃப் படிவமும் கேட்பதில்லை. பெண் கருவை விலக்குவது தவறென்று சொன்ன சமூகம், பெண்ணைச் சுமையாக்கிய வரதட்சணையை ஒழிக்கவும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. ஊனத்தைச் சுமையாக்குவது எது என்ற அதே கேள்வி இன்னும் அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை.

பிரான்சில் அந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. தாய்க்கு ருபெல்லா இருந்ததைச் சோதனை தவறவிட்டதால் கடும் ஊனத்தோடு பிறந்த மகனுக்கே, பிறந்ததன் பேரில் இழப்பீடு உண்டு என்று 2000 நவம்பரில் உச்ச மேல்முறையீட்டு மன்றம் பெருஷ் வழக்கில் தீர்த்தது. ஊனமுற்றோர் குடும்பங்கள் கொதித்தெழுந்தன. பிறந்தது என்ற ஒன்றை மட்டும் காட்டி எவரும் இழப்புக் கோர முடியாது என்று 2002 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அதோடு ஊனமுற்றோரைத் தாங்குவது தேசத்தின் கடமை என்றும் எழுதியது. இணைப்பின்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்களின் வழிவந்த சில ஆயிரம் பேர் புதுச்சேரியில் வாழ்கின்றனர்; திருமணத்தையும் வாரிசுரிமையையும் பொறுத்தவரை அவர்களைத் தொடரும் பிரெஞ்சுச் சட்டம், கருவைப் பொறுத்தவரை ஸ்கேன் அறையின் வாசலில் நின்றுவிடுகிறது. அங்கே எல்லாருக்கும் இந்தியச் சட்டமே.

அந்த அறையிலிருந்து வெளிவரும் முடிவுகளுக்கும் ஒரு பதிவேடு உண்டு. கருக்கலைப்புச் சட்டத்தின் விதிமுறைகள்படி, மருத்துவமனை வைத்திருக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் மட்டுமே பெண்ணின் பெயர் இடம்பெறலாம். மற்ற தாள்களில் வரிசை எண்தான். அந்தப் பதிவேடு மறைவான ஆவணம். பூட்டி வைக்கப்பட வேண்டும். இந்த மறைவு பெண்ணுக்கு மிகவும் தேவை. ஊர்வாயிலிருந்து அவளைக் காப்பது அதுவே. அதன் விலையை எதிர்கால வரலாற்றாசிரியர் தருவார். எஃப் படிவங்களை இரண்டாண்டு வைத்திருந்தால் போதும். எத்தா சிவில் ஏடுகளில் 19ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிறந்த குழந்தையின் மணியையும் பாலினத்தையும் இன்றும் தேடி எடுக்கலாம். சேர்க்கைப் பதிவேடோ கடைசி வரி எழுதப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு முடிந்ததும் அழிக்கப்படுகிறது.